நூற்றுப் பதினொரு முத்திரைகள்

ஜூன் 9

தலைமையாசிரியர் அவர்களுக்கு,

இருபத்தேழு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. போதும்.

பள்ளியின் பொன்விழா மலருடைய புரூஃப் பிரதி நேற்று எனக்குத் தபாலில் வந்தது. அனுப்பியவர் உன் அச்சகக்காரர். அவரை நீ மறந்திருக்க மாட்டாய். நம்முடைய முதல் பத்தாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சு. சட்டைப் பையில் எப்போதும் பேனா ஒழுகிக்கொண்டிருக்கும். மைக்கறை என்று நான்தான் பெயர் வைத்தேன். "சார், வருஷமெல்லாம் சரியான்னு ஒரு தடவை பாத்துக் குடுங்க. ஜூலை இருபதாம் தேதி மெஷின்ல ஏத்தணும்" என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார். அவர்மேல் பாயாதே.

மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். நாலாவது வரியிலேயே 'நீ' வந்துவிட்டது. இருக்கட்டும். தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையை 'நீங்கள்' என்று கூப்பிட இனிமேல் என்னால் பழகிக்கொள்ள முடியாது.

படித்தேன். மோசமில்லை. பழைய பஞ்சுக் கிடங்கில் அறுபத்திரண்டு பிள்ளைகளோடு தொடங்கியது, பஸ்ஸின் கடைசி நிறுத்தம் அந்தப் பக்கம் நகர்ந்ததும் குடியிருப்புகள் முளைத்தது, நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியானது, இன்றைக்கு ஆயிரத்து நூறு பேர், மூன்று மாடி. எல்லாம் இருக்கிறது. ஆனால் கிடங்கின் உத்தரத்திலிருந்து பஞ்சு உதிர்ந்து பிள்ளைகள் தலையில் உட்காரும் என்பதை விட்டுவிட்டாய். மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு எல்லாரும் ஊமையாக உட்கார்ந்திருப்போம் என்பதை விட்டுவிட்டாய். தட்டிக்கு அந்தப் பக்கம் நீ யானை வரையச் சொல்லிக்கொடுத்தால் இந்தப் பக்கம் என் பிள்ளைகளின் அல்ஜீப்ரா நோட்டில் தும்பிக்கை முளைக்கும். அதையும் விட்டுவிட்டாய்.

எதை விடவில்லை தெரியுமா? இருபத்து மூன்றாம் பக்கம். "முதல் பத்தாம் வகுப்பு மாணவர்கள் முப்பத்தேழு பேர், ஓர் ஆசிரியரின் கவனக்குறைவால் அந்த ஆண்டு பொதுத்தேர்வு எழுத இயலாமல் போனது வருந்தத்தக்கது. அதே ஆண்டில் குடிநீர்த் தொட்டி கட்டப்பட்டது."

குடிநீர்த் தொட்டிக்கும் எனக்கும் ஒரே பத்தி!

உனக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். உயர்நிலைப் பள்ளியானதும் அப்போதைய ஹெட்மாஸ்டர் பெரிய சார் புது சீல் செய்து வாங்கினார். பழையதில் வட்டத்தைச் சுற்றி 'நடுநிலைப் பள்ளி', புதியதில் 'உயர்நிலைப் பள்ளி'. மற்றபடி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பழையதை எறிய அவருக்கு மனசு வரவில்லை. எட்டாம் வகுப்பு வரைக்கும் இது போதும் என்று பிஸ்கட் டப்பாவில் போட்டு மேஜைமேல் வைத்தார். புதியதை பீரோவில் பூட்டி, ஏதோ நகை மாதிரி, சாவியை வீட்டுக்குக் கொண்டுபோவார்.

தேர்வு விண்ணப்பம் முப்பத்தேழு. ஒவ்வொன்றுக்கும் மூன்று படி. ஓவிய ஆசிரியரின் கை நேராக இருக்கும் என்று சீல் குத்தும் வேலை எப்போதும் உனக்குத்தான். நூற்றுப் பதினொரு தடவை குத்தினாய். ஒன்றுகூடக் கோணவில்லை. நூற்றுப் பதினொன்றும் பழைய சீல். நடுநிலைப் பள்ளியிலிருந்து பத்தாம் வகுப்புக்கு யாரும் எழுத முடியாது என்று தேர்வு அலுவலகம் மூட்டையாகத் திருப்பி அனுப்பியது. அதற்குள் கெடு முடிந்துவிட்டது. நான் சீலைத் தொடக்கூட இல்லை. வகுப்பில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பெரிய சார் நம் இரண்டு பேரையும் அவர் அறையில் நிறுத்தி, "யாராவது ஒருத்தர் எழுதிக் குடுங்கப்பா. பள்ளிக்கூடம் எழுதிக் குடுக்க முடியாது" என்றார். உனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. என் தங்கைக்கும் உனக்கும் கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. வகுப்பாசிரியன் நான். 'கவனக்குறைவாக நானே முத்திரையிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வேலையை விட்டு விலகினேன். அதற்குப் பிறகு எந்தப் பள்ளியும் என்னை இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு ஒரு டுடோரியலில், மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில், பெயிலானவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். நீ அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, அதே அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய்.

அந்த வரியை எடு.

இப்படிக்கு,
கவனக்குறைவான ஆசிரியர்


ஜூன் 17

மச்சான்,

கவரைப் பார்த்ததும் உன் தங்கச்சி, "அண்ணன் கையெழுத்து!" என்று கத்தினாள். ஒன்பது வருஷம் ஆயிற்று, நீ வீட்டுக்கு வந்து. நான் ஹெட்மாஸ்டர் ஆன மாதத்தோடு நின்றாய். போன் பண்ணினால் எடுப்பதில்லை. கடிதம் வந்ததே என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன எழுதியிருக்கார்?" என்றாள். பள்ளிக்கூட விஷயம் என்றேன். "பின்னே வேற என்ன இருக்கப்போகுது" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் என்ன செய்வேன், சொல். முதலில் எழுதும்போது அந்த வருஷத்தைத் தாண்டித்தான் எழுதினேன். மலரின் கடைசியில் தேர்ச்சிப் பட்டியல் வருகிறது. வருஷா வருஷம் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று. முதல் வரி காலியாகக் கிடக்கிறது. நிர்வாகக் குழுவில் ஒருத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "என்ன சார், முதல் செட்டே முட்டையா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முப்பத்தேழு பேரும் பெயில் என்று ஆகிவிடக் கூடாதே என்று அந்த வரியைச் சேர்த்தேன். உன் பெயரைப் போடவில்லை. குடிநீர்த் தொட்டியை நான் வேண்டுமென்று பக்கத்தில் வைக்கவில்லை. வருஷ வரிசையில் அது அங்கேதான் வருகிறது.

எனக்கும் முடியவில்லை மச்சான். காலையில் ஏழரைக்கு வாசலில் நிற்கிறேன். இரண்டு கழிப்பறை அடைத்துக் கிடக்கிறது, நான்கு ஆசிரியர் இடம் காலி, ஒரு பையனின் அப்பா என் சட்டையைப் பிடிக்க வருகிறார். நடுவில் ஐம்பது வருஷ சரித்திரத்தை எழுது என்கிறார்கள். யானை வரையச் சொன்னால் வரைவேன். விழா முடிந்ததும் விருப்ப ஓய்வு கேட்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

விழாவுக்கு வா. முன்வரிசையில் உட்கார வேண்டாம். கடைசியில் நின்றுவிட்டு, வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ. அந்த ஒரு வரியை யார் படிக்கப்போகிறார்கள்? மலரில் எல்லாரும் தங்கள் போட்டோவைத்தான் தேடுவார்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 21

மாப்பிள்ளை,

பெயர் போடவில்லை என்று பெருமையாக எழுதுகிறாய். அந்தப் பேட்டையில் அந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் எத்தனை பேர்? ஒருவன். என் பெயரைப் போட்டிருந்தால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

யார் படிக்கப்போகிறார்கள் என்கிறாய். முப்பத்தேழு பேர் படிப்பார்கள். அவர்களுக்கு இன்று நாற்பத்து மூன்று வயது. பேத்தி எடுத்தவர்கள்கூட இருக்கலாம். ஒவ்வொருவரும் போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வருஷத்தைத்தான் தேடுவார்கள். போன மாதம் பஸ்ஸில் ஒரு பெண் எனக்கு எழுந்து இடம் கொடுத்தாள். முகத்தைப் பார்த்ததும், இரண்டாம் பெஞ்சு, ஜாமெட்ரி நன்றாகப் போடுவாள் என்று ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்துவிட்டது. 'சார்' என்றுகூடச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் உட்காராமலே அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

உனக்குக் கழிப்பறை அடைத்திருக்கிறது. பாவம்.

கேட்டுக்கொள். ஜூலை பத்தாம் தேதிக்குள் அந்த வரியை எடுத்துவிட்டேன் என்று உன்னிடமிருந்து தகவல் வர வேண்டும். வராவிட்டால் நிர்வாகக் குழுவுக்கு நான் எழுதுவேன். சீல் குத்தியது யார் கை, எழுதிக் கொடுத்தது எதற்காக என்று முழுசாக எழுதுவேன். ஒரு படி என் தங்கைக்கும் வரும். தன் கல்யாணம் எதன்மேல் நடந்தது என்று அவளுக்கும் தெரியட்டும்.

மிரட்டல் என்றுதான் நினைத்துக்கொள். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

உன் மச்சான்


ஜூலை 2

மச்சான்,

உனக்கு அந்த வேலை வைக்கவில்லை. நானே அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொன்னேன். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழுசும் கேட்டாள். கை நிற்கவே இல்லை. முடித்ததும், "என் கல்யாணத்துக்காகவா?" என்றாள். ஆமாம் என்றேன். "ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கல்யாணத்தை ஆறு மாசம் தள்ளிப்போடுன்னா போட்டிருப்பேன். நீங்க ஆளுக்கொரு தியாகம் பண்ணிக்கிட்டு, எனக்கு அண்ணன் இல்லாமப் பண்ணிட்டீங்க." அவ்வளவுதான். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

இப்போது இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் இருந்ததுதான் என் தப்பு. சீல் குத்தியதைவிடப் பெரிய தப்பு.

அன்றைக்குப் பெரிய சார் மத்தியானமே கிளம்பிவிட்டார். சாவி அவர் இடுப்பில். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் விண்ணப்பங்கள் போயாக வேண்டும். நான் டப்பாவிலிருந்து பழைய சீலை எடுத்துக்கொண்டு உன் வகுப்பு ஜன்னலுக்கு வந்தேன். நீ வட்டத்தின் சுற்றளவு நடத்திக்கொண்டிருந்தாய். கரும்பலகையில் வட்டம் போட்டிருந்தது. நீ போட்ட வட்டம், அதனால் முட்டை மாதிரி இருந்தது. நான் சீலைத் தூக்கிக் காட்டி, "மச்சான், புதுசு பூட்டிக் கிடக்கு. இதுதான் இருக்கு. பெரிய சார் வீட்டுக்கு சைக்கிள்ல போய்ச் சாவி வாங்கிட்டு வரவா?" என்று கேட்டேன்.

நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

"சீலுன்னா சீலுதான்டா. வட்டமா இருக்கா? குத்து. எவன் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கப் போறான்?" என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தால் உனக்குப் பிடிக்கும். திரும்பி அவர்களைப் பார்த்து, "வட்டத்துக்குச் சுற்றளவுதான் முக்கியம். சுத்தி என்ன எழுதியிருக்குன்னு எவனும் கேக்க மாட்டான்" என்றாய். இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். சாக்பீஸ் துண்டை என்மேல் எறிந்தாய். நானும் சிரித்துக்கொண்டே போய்க் குத்தினேன்.

நீ எழுதிக் கொடுத்தபோது, அது ஞாபகம் இருப்பதால்தான் எழுதிக் கொடுக்கிறாய் என்று நினைத்தேன். பாதி உனக்காக, பாதி எனக்காக என்று. நாளாக நாளாக, நீ பேசுகிற விதத்தில்தான் புரிந்தது, முழுசும் எனக்காகவே என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று. அப்போது சொன்னால் நன்றிகெட்டவன் ஆவேன். சொல்லாவிட்டால் உன் வேலையைத் தின்றவன். எது சுலபமோ அதைச் செய்தேன். பேசாமல் இருந்தேன். நீயும் பேசாமல் இருந்தாய். அதில் மட்டும் நாம் இரண்டு பேரும் ஒன்று.

நம்ப மாட்டாய். மைக்கறையைக் கேள். அவனும் அந்த வகுப்பில்தானே இருந்தான்.

அந்தப் பத்தியை நீயே எழுது. பதினெட்டாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். நீ எதை எழுதினாலும் ஒரு எழுத்து மாற்றாமல் போடுகிறேன். என் பெயரைப் போட்டாலும் சரி. கீழே உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்கிறேன். அதைத்தானே இத்தனை வருஷமாக மனசுக்குள் கேட்கிறாய்?

மாப்பிள்ளை


ஜூலை 14

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை மூன்று தடவை கிழிக்கப் போனேன். பொய் என்றுதான் நினைத்தேன். பழியில் பாதியை என் தலையில் தள்ளுவதற்கு நல்ல யோசனை கண்டுபிடித்திருக்கிறாய் என்று நினைத்தேன். பிறகு அந்த முட்டை வட்டம் ஞாபகம் வந்தது. அது உண்மை. எனக்கு வட்டம் வராது.

நேற்று பஸ் ஏறி வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, அச்சகத்துக்குத்தான். கடைசி நிறுத்தம் இப்போது கடைசி நிறுத்தம் இல்லை, பஸ் அதையும் தாண்டிப் போகிறது. பள்ளி வாசலில் இறங்கி எதிர்ப்பக்கம் நின்றேன். நம் பஞ்சுக் கிடங்கு சைக்கிள் நிறுத்துமிடமாகிவிட்டது. நுழைவாயிலில் பெரிய சாரின் படம். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு போன மனுஷனுக்கு மாலை! மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே கொட்டினார்கள். அத்தனை பேரையும் ஒரே இடத்தில் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. யாருக்கும் என்னைத் தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

அச்சகம் இரண்டு தெரு தள்ளி. மைக்கறை எழுந்து நாற்காலி போட்டார். சட்டையில் இன்னும் கறை இருக்கிறது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"நான் அப்படிச் சொன்னேனா?" என்று கேட்டேன்.

அவர் மெஷினை நிறுத்தினார். "சொன்னீங்க சார்."

"சிரிச்சீங்களா?"

"எல்லாரும் சிரிச்சோம். நான்தான் முதல்ல."

"பின்னே ஏன்யா யார்கிட்டயும் சொல்லலை? நான் போனப்ப ஒருத்தராவது வாயைத் திறந்திருக்கலாமே?"

"நாங்களும் சிரிச்சிருந்தோமே சார்" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். அந்த வருஷம் வீணானதும் அவர் அப்பா அடுத்த வாரமே இந்த அச்சகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டாராம். அப்போது மெஷின் முன்னால் நின்றவர் இன்றைக்கு முதலாளி. "எனக்குப் பத்தாம் கிளாஸ் இல்ல சார். ஆனா பத்தாம் கிளாஸ் புஸ்தகம் நாலு தடவை அடிச்சுக் குடுத்திருக்கேன்" என்று சிரித்தார். அவருக்குக் கசப்பு இல்லை. எனக்கு அது புரியவே இல்லை. பஸ்ஸில் திரும்பிக்கொண்ட அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு அந்த வருஷமே கல்யாணம் முடித்துவிட்டார்களாம். முப்பத்தேழு பேரில் இருபத்தெட்டுப் பேர் மறுவருஷம் எழுதினார்கள். ஒன்பது பேர் திரும்பி வரவில்லை. அந்தக் கணக்கை இருபத்தேழு வருஷத்தில் நானும் கேட்கவில்லை, நீயும் எழுதவில்லை. என் நியாயத்தைக் காப்பாற்றுவதிலேயே எனக்குப் பொழுது போய்விட்டது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஜன்னலில் கேட்டாய், சரி. பெரிய சார் அறையில் பக்கத்தில் நின்றபோது வாய் எங்கே போயிற்று? அதற்கு நீ பதில் எழுதவே இல்லை. எழுதவும் மாட்டாய். உன் தங்கச்சி, என் தங்கச்சி என்று நாம் இரண்டு பேரும் எழுதுகிறோமே, அவள் சொன்னது மட்டும்தான் இந்தக் கடிதங்களில் நேர்மையான பேச்சு. அவளிடம் சொல்: அண்ணனிடமும் அதற்குப் பதில் இல்லை என்று.

பத்தி கீழே இருக்கிறது. எட்டு தடவை எழுதினேன். முதல் தடவை உன் பெயர் இருந்தது. நாலாவது தடவை என் பெயர். கடைசியில் இரண்டும் நிற்கவில்லை.

"பள்ளி உயர்நிலைப் பள்ளியான பிறகு முதல் பத்தாம் வகுப்பில் முப்பத்தேழு பேர் படித்தனர். புதிய முத்திரை பூட்டி வைக்கப்பட்டிருந்ததால் அவர்களுடைய விண்ணப்பங்களில் பழைய முத்திரை இடப்பட்டது. அது தவறு என்று தெரிந்தும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்து இடப்பட்டது. பார்த்தார்கள். அந்த ஆண்டு ஒருவரும் தேர்வு எழுதவில்லை. இருபத்தெட்டுப் பேர் மறு ஆண்டு எழுதினர். ஒன்பது பேர் திரும்பி வரவில்லை. ஓர் ஆசிரியர் பொறுப்பேற்று விலகியதோடு பள்ளி இதை முடித்துக்கொண்டது. அந்த முப்பத்தேழு பேரிடமும் பள்ளி இதுவரை எதுவும் சொல்லவில்லை. தவறு பள்ளியுடையது. இப்போது சொல்கிறது."

தேர்ச்சிப் பட்டியலில் முதல் வரியைக் காலியாக விடாதே. படித்தவர்கள் முப்பத்தேழு என்று போடு, பக்கத்தில் எழுதியவர்கள் என்ற கட்டத்தில் பூஜ்யம் போடு. அந்தக் கணக்கு சரி. குடிநீர்த் தொட்டியை அடுத்த பக்கத்துக்குத் தள்ளு.

என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறேன் என்கிறாய். நான் உள்ளுக்குள் கேட்டதும் அதுதான், பொய் சொல்ல மாட்டேன். இந்தத் தாளின் அடியில் 'இப்படிக்கு' என்று எழுதி, பேனாவை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். டுடோரியலுக்கு லீவு சொல்லிவிட்டேன். என் கையெழுத்து இருந்தால் இது மறுபடி என் சண்டையாகிவிடும். படிக்கிறவர்கள் பத்தியைப் படிக்க மாட்டார்கள். பழைய வாத்தியார் பழி தீர்த்துக்கொண்டார் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். உன் பெயர் இருந்தாலும் அதே கதைதான். அன்றைக்கு யாரோ ஒருத்தர் எழுதிக் கொடுத்ததால்தான் பள்ளிக்கூடம் எழுதிக் கொடுக்காமல் தப்பியது. அந்த ஒருத்தர் நான். அந்த வேலையை இரண்டாம் தடவை செய்ய மாட்டேன்.

தபால்காரர் நாலரைக்குத் தெருமுனைப் பெட்டியைத் திறப்பார். இப்போது மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம். 'இப்படிக்கு' என்பதையும் அடித்துவிட்டேன். கையெழுத்துப் போடாமலே பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.